அழித்த நாற்பது நிமிஷம்

மழை இருட்டு திருத்தணி மலையைப் பாதி மறைத்திருந்த சாயங்காலத்தில் பரணிதரன் குடோனுக்கு வந்து சேர்ந்தான். ஊருக்கு வெளியே இருந்த பழைய அரிசி ஆலை அது. இப்போது உள்ளே கூரை வரை லுங்கி மூட்டைகள். சுவரில் ஒரு பெரிய திரை. பொதட்டூர்பேட்டைத் தறியிலிருந்து கடை போய்ச் சேரும் வரை சரக்கு எங்கே இருக்கிறதென்று அதில் தெரியும். ஒவ்வொரு லாரியும் ஒரு பச்சைப் புள்ளி. அந்த ஏற்பாட்டைச் செய்ததே அவன்தான்.

போன மாதம் புத்தூர் அருகே ஒரு புள்ளி நின்றுபோனது. போன் போட்டான். டிரைவர் எல்லப்பன் மூச்சு வாங்கினார்.

"நெஞ்சு அடைக்குதுங்க சார். ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துடறேன்."

"சரக்கு லேட்டாயிடும். நீ நிக்கறது இங்க தெரியுது. வண்டிய எடு."

எடுத்தார். நாற்பது நிமிஷம் ஓட்டினார். புளியமரத்தில் மோதி நசுங்கிய லாரிக்குள் பிணமாகக் கிடந்தார். விசாரணைக்கு ஆள் வருமுன் வண்டி நின்றதையும் பிறகு ஓடிய அந்த நாற்பது நிமிஷத்தையும் பரணிதரன் திரையின் பதிவிலிருந்து அழித்தான். குடித்துவிட்டு ஓட்டியிருப்பார் என்று அவர் மனைவி குப்பம்மாளிடமே சொன்னான்.

இன்று திரையில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்தது.

எல்லப்பனின் வண்டி எண்.

அந்த லாரியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஆனால் புள்ளி ஆர்.கே.பேட்டையிலிருந்து கிளம்பித் திருத்தணியை நோக்கி நகர்ந்தது.

போன் அடித்தது.

"எங்கயும் நிக்கல சார்," என்றது அடைத்த குரல். "வந்துகினே கீறேன்."

ஓடிப்போய் ஷட்டரை இறக்கி உள்பக்கம் பூட்டினான். டீசல் நாற்றம் இடுக்கு வழியே கசிந்தது. திரும்பிப் பார்த்தபோது புள்ளி குடோன் வாசலில் இருந்தது.

நிற்கவில்லை.

சுவரைத் தாண்டியது.

குப்பம்மாளுக்குப் போன் போட்டான். "அக்கா, அவரு குடிக்கலக்கா. நெஞ்சு வலின்னாரு. நான்தான் ஓட்டச் சொன்னேன். என்ன விட்டுடச் சொல்லி அவர்கிட்ட சொல்லுங்க."



"ஆங், தெரியும்," என்றாள் குப்பம்மாள் நிதானமாக. "மத்தியானம் சாப்ட்டு, உன்னப் பாக்கத்தான் கிளம்பினாரு."

பூட்டிய குடோனுக்குள், அவன் முதுகுக்குப் பின்னால், லாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.