துபாசி மகள்

ஜப்பான்காரன் போன மறுவருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்தார்கள். புதுச் சுண்ணாம்பு, புது பெஞ்சு, வாசலில் பழையபடி வெள்ளைக்காரன் கொடி. கடைசி அறைக்கு மட்டும் பூட்டு. சண்டைக் காலத்தில் ஜப்பான் ராணுவப் போலீஸ் ஆட்களைப் பிடித்து வந்து விசாரித்த அறை அது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழை பெய்தால் அங்கே துருவும் மூத்திரமும் கலந்த ஒரு வாடை கிளம்பும்.

எஸ்தர் வந்த முதல் நாளே அவள் பெஞ்சில் யாரோ துப்பி வைத்திருந்தார்கள். அவள் அப்பா, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ஞானமுத்து, அந்த அறையில் துபாசியாக நின்றவர். போலீஸ் அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் வேலை. ஜப்பான் சரணடைந்த வாரமே காட்டில் ஒளிந்து ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்கள் வந்து அவரை இழுத்துப்போய்க் கொன்றார்கள். "அவன் சொன்னத நான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல" என்று கத்திக்கொண்டே போனாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எஸ்தர் தலை நிமிர்ந்து நடந்தாள்.

சண்டையில் படிப்பு நின்றுபோய், பதினாறு வயதில் அஞ்சாம் வகுப்பில் அவளோடு உட்கார்ந்திருந்த இன்னொருத்தி அஞ்சலை. தையற்காரர் சின்னையாவின் மகள். ஜப்பான் பாஷை படிக்கப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்றவர் சின்னையா. அந்த அறைக்குள் போனார், வரவில்லை. அஞ்சலை எஸ்தரைக் கிள்ளுவாள், சோற்றில் மண் போடுவாள், பிள்ளைகளை விட்டு "ஜப்பான் நாயே" என்று பாடச் சொல்வாள். வாத்தியார் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. அஞ்சலை எஸ்தரின் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போனாள்.

"விடு அஞ்சலை, வலிக்குது."

"வாய மூடு. மழை பேஞ்சா உள்ள பேசுறாங்கடி. எங்கப்பா கொரல் கேக்குது. ஒங்கப்பன் கொரலும்."

"பொய்."

"காத வச்சுப் பாரு. ஜப்பான்காரன் என்னமோ சொல்றான், எனக்குப் புரியல. நீதான் மூணு வருஷம் அவன் பாஷை படிச்சியே. அவன் சொன்னததான் ஒங்கப்பன் சொன்னான்னா, சத்தியமா இனிமே ஒன்ன ஒருத்தரும் தொடமாட்டாங்க."

"இல்லன்னா?"

அஞ்சலை சடையை விட்டுவிட்டுக் கதவருகே குனிந்தாள். கதவு மழையில் ஊறி உப்பியிருந்தது. இருவரும் ஒரே இடுக்கில் காதை வைத்தார்கள்.

முதலில் தண்ணீர் சொட்டும் சத்தம்.

அப்புறம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"கிராணி, நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. வீட்டுல பொம்பளப் புள்ள இருக்கு."

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாற்காலி நகர்ந்தது. சலித்துப்போன ஓர் ஆண்குரல் சொன்னது: "மோ ஈ. கயேசே."

போதும். வீட்டுக்கு அனுப்பு.

எஸ்தருக்குப் புரிந்தது, அப்போதுதான் மூச்சே வந்தது. அப்பா இதைச் சொல்லப்போகிறார், எல்லாம் தீரப்போகிறது.

அப்பாவின் குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்லித் தந்த அதே மெதுவான குரல்.

"சின்னையா, தொரை உன்ன விடமாட்டாராம். இன்னும் அடிக்கச் சொல்றாரு."

பிறகு அவரே ஜப்பானிய மொழியில் அதிகாரியிடம் பணிவாகச் சொன்னார். இவன் போகமாட்டேன் என்கிறான், ஐயா. சந்தையில் என்னை நாய் என்று கூப்பிட்டவன், இப்போது உங்களையும் திட்டுகிறான்.

தடி விழுந்தது.

மறுபடி விழுந்தது.

எஸ்தரை அன்போடு தூக்கி வளர்த்த மனுஷன் அவர்.

அஞ்சலை அவள் தோளை உலுக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர். "சொல்லுடி. ஜப்பான்காரன் நெசமாவே அடிக்கத்தான் சொன்னானா?"

எஸ்தர் அவளைப் பார்த்தாள். துப்பிய பெஞ்சும் மண் விழுந்த சோறும் நினைவுக்கு வந்தன. உண்மை இப்போது அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

"ஆமா" என்றாள். "அவன் சொன்னததான் எங்கப்பா சொன்னாரு. ஒரு வார்த்தை கூட்டல."

அஞ்சலை உடைந்து அழுதாள். எஸ்தரைக் கட்டிக்கொண்டாள். "மன்னிச்சிருடி. ஒன்ன எவ்வளவு கொடும பண்ணிட்டேன்." எஸ்தர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கை நடுங்கவே இல்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது.

அறைக்குள் தடிச் சத்தம் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேராக, யாரோ வந்து நின்றார்கள்.

அப்பா ஜப்பானிய மொழியில், பெருமையோடு, உள்ளே இருந்தவனிடம் சொன்னார்.

என் மகள், ஐயா.

"இப்ப என்னடி சொன்னாரு?" என்றாள் அஞ்சலை விசும்பிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல. வா, போவோம்."

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள்.