கவிழ்த்து வைத்த டம்ளர்

அம்மாவின் கை நடுங்குவதை முதலில் பார்த்தது பட்டாணிதான். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்தாள் என்று அப்பா வைத்த செல்லப் பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அம்மாவுக்குத் தெருமுனை கேக் கடையில் வேலை. கேக்கின் மேல் க்ரீமால் எழுதுவாள். கூம்புப் பையை மெல்ல அழுத்தி அவள் 'வாழ்த்துகள்' எழுதினால், அந்த 'ழ்'-இன் வளைவைப் பார்க்கிறவர்களுக்குக் கத்தியை வைக்க மனசு வராது.

போன வருஷம் அம்மாவுக்குத் தைராய்டு என்று தெரிந்தது. கழுத்துக்குள் இருக்கும் சின்னச் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். அப்போதெல்லாம் அம்மாவுக்கு எந்நேரமும் தூக்கம், எந்நேரமும் குளிர். மறதி வேறு. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடுவாள்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அப்புறம் ரத்தத்தைப் பரிசோதித்து, அளவு போதவில்லை என்று கூட்டினார்.

"தினமும் வெறும் வயித்துல போடணும். மறக்கவே கூடாது" என்றார்.

மறப்பதே அம்மாவின் வியாதி ஆயிற்றே! பட்டாணி அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பல் தேய்த்ததும் அலமாரியில் இருந்த நூறு மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர்.

"அம்மா, ஆ காட்டு."

அம்மா சமர்த்தாக ஆ காட்டுவாள்.

ஆனால் உடம்பு தேறவில்லை. எல்லாம் தலைகீழாகிவிட்டது. குளிருகிறது என்றவள், இப்போது வேர்க்கிறது என்று மின்விசிறிக்கடியில் உட்கார்ந்தாள். தூங்கி வழிந்தவளுக்குத் தூக்கமே போயிற்று. மார்பில் காதை வைத்துப் பார்த்தால், யாரோ படியேறி ஓடி வருவதுபோல இதயம் அடித்தது.

ஒருநாள் பட்டாணியின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது.

"ஏன்டி இப்படிச் சத்தம் போட்டு உயிரை எடுக்கறே!" என்று அம்மா கத்தினாள். அடுத்த நிமிஷம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அப்பாவிடம் சொல்லலாம் என்றால், அவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலர். பட்டாணி எழுவதற்கு முன்பே வந்து படுத்துவிடுவார். மாலையில் அவர் சீருடை மாட்டும் அவசரத்தில், "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பல மாதம் ஆகிவிட்டது.

அன்று பள்ளி விட்டதும் பட்டாணி கேக் கடைக்குப் போனாள். முதலாளியம்மா ஒரு கேக்கைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். எழுத்துகள் எல்லாம் கோணல் மாணலாக நெளிந்தன.

"கேக் வாங்க வந்தவர் 'என்னம்மா, எறும்பு ஊர்ந்த தடமா?'ன்னு கேக்கறாரு. நான் என்னன்னு சொல்ல? நாளையிலேருந்து நீ அட்டைப்பெட்டி மடி. எழுதறதுக்கு வேற பொண்ணு வர்றா."

அம்மா கூம்புப் பையைக் கழுவி, உதறி, மாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தன் கையையே வெறித்துப் பார்த்தாள்.

"மருந்து சாப்பிட்டா சரியாகும்னாங்க. சாப்பிடச் சாப்பிட மோசமாத்தான் ஆகுது. இனிமே இந்தக் கை இப்படித்தான்."

பட்டாணி படுத்தபிறகு யோசித்தாள். ஒருவேளை நான் லேட்டாகக் கொடுக்கிறேனோ? இன்னும் சீக்கிரம் கொடுத்தால், கடைக்குப் போவதற்குள் கை நடுக்கம் நின்றுவிடுமோ?

மறுநாள் விடிவதற்குள் எழுந்துவிட்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டே மாத்திரையும் டம்ளருமாக அம்மாவின் அறைக்குப் போனாள்.

வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே சீருடையைக்கூடக் கழற்றாமல் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் ஒரு டம்ளர். அம்மா எதையோ விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என்ன குடுத்தீங்க?"

"தைராய்டு மாத்திரைடா. தினமும் வந்ததும் நான்தானே குடுக்கறேன்."

"இல்லியே... தினமும் நான்தானே குடுக்கறேன்!"

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும்தான் குடுக்கறீங்க" என்றாள் அம்மா. "அளவைக் கூட்டியிருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? அதான் விடியும்போது ஒண்ணு, அப்புறம் ஒண்ணுன்னு நீங்க பேசி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"ஐயோ! கூட்டினதே அந்த ஒரு மாத்திரைக்குள்ளதான். பழசைவிட இது பெரிய அளவு!" என்றார் அப்பா.

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "என் கையாலேயே குடுத்திருக்கேனே..."

'நானும்தானே' என்று பட்டாணி சொல்ல நினைத்தாள். பாசமாக ஆ காட்டச் சொன்ன காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

சட்டென்று அப்பா எழுந்தார். மாத்திரை டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடைப் பக்கம் போனார். "இந்தச் சனியனே வேண்டாம்!"

பட்டாணி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்ப்பா! மாத்திரை இல்லாதப்ப அம்மா எப்படி இருந்தாங்க, மறந்துட்டீங்களா? நாமளாக் கூட்டவும் வேண்டாம், நாமளா நிறுத்தவும் வேண்டாம். இன்னிக்கே டாக்டர்கிட்ட போய் நடந்ததை அப்படியே சொல்லிடலாம்."

"திட்டுவாரேடா."

"திட்டட்டும். பாதி உங்களுக்கு, பாதி எனக்கு."

தன் கையிலிருந்த மாத்திரையை அவள் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

டாக்டர் திட்டவில்லை. அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தார். அது திட்டைவிடப் பயமாக இருந்தது. இதயத்தைப் பரிசோதித்தார்கள், ரத்தம் எடுத்தார்கள்.

"இப்பவாவது வந்தீங்களே. கொஞ்ச நாள் மாத்திரை வேண்டாம். எப்போ ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். அப்புறம் தினமும் ஒண்ணே ஒண்ணு."

"கை நடுக்கம் எப்போ நிக்கும் டாக்டர்?" என்றாள் பட்டாணி.

"உடனே நிக்காதும்மா. உள்ளே சேர்ந்தது மெதுவாத்தான் குறையும். வாரக்கணக்கா ஆகலாம்."

மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கும் நாள் வந்தது. "நீ குடு" என்றார் அப்பா. "நீங்க குடுங்க" என்றாள் பட்டாணி. இருவருக்குமே தங்கள் கையைக் கண்டால் பயமாக இருந்தது.

கடைசியில் பட்டாணி அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஜன்னல் ஓரம் வைத்தாள்.

"இது நிமிர்ந்திருந்தா இன்னும் மாத்திரை போடலைன்னு அர்த்தம். போட்டதும் கவிழ்த்திடணும். படுக்கப் போகும்போது அம்மா நிமிர்த்தி வைக்கட்டும்."

"யாராவது தண்ணி குடிக்க எடுத்துட்டா?" என்றார் அப்பா.

"எடுக்க மாட்டாங்க. நான் உருட்டி விளையாடி நசுங்கினது. எந்தப் பக்கம் வாயை வெச்சாலும் சட்டையிலதான் ஊத்தும்."

வெகுநாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கடையில் புதுப்பெண் எழுதினாள். அம்மா பெட்டி மடித்தாள். வாரங்கள் போயின. கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. பட்டாணி தினமும் அதை ஓரக்கண்ணால் பார்ப்பாள். பிறகு பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வாள்.

ஒரு மாலை அம்மா ஒரு சின்னப் பெட்டியை நீட்டினாள். உள்ளே, ஓரம் உடைந்த கேக் துண்டு. அதன்மேல் க்ரீமில் 'பட்டாணி' என்று எழுதியிருந்தது. 'ட்' கொஞ்சம் சாய்ந்திருந்தது. 'ணி'யின் வளைவு ஓரிடத்தில் நெளிந்திருந்தது.

"இன்னும் சரியா வரலைடி."

பட்டாணி உற்றுப் பார்த்தாள்.

"எறும்பு இல்லம்மா. எழுத்துதான்."

மறுநாள் விடியும்போது அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். நசுங்கிய டம்ளர் கவிழ்ந்திருந்தது. அப்பா வந்ததுமே கொடுத்துவிட்டிருந்தார்.

பட்டாணி திரும்பிப் போய், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.