பம்பில் சுற்றிய துணி

ஆரணியில் கார் இன்ஜினின் பெட்ரோல் பம்பில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றிய துணி, மூன்று மைல் தாண்டுவதற்குள் காய்ந்து கிடந்தது. எழுபத்தெட்டாம் வருஷத்துக் கத்திரி வெயிலில் துணி காய்வது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் வெயிலில் காய்ந்த துணி விறைத்துக்கொண்டு நிற்கும். இதுவோ கசங்கி, நுனியெல்லாம் திரிதிரியாகக் கூம்பி, யாரோ வாயில் வைத்துச் சப்பித் துப்பியதுபோல் இருந்தது. தருமன் பானெட்டைத் தூக்கிப் பிடித்தபடி, அதைத் தொட மனம் வராமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

பின் சீட்டில் அவன் மனைவி ஆதிலட்சுமி முனகினாள். தலைச்சன் பிரசவம். விடியற்காலையில் பிடித்த வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மாலைக்குள் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தேசூரிலிருந்து மாமியார் வந்து சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. தான் ஓட்டும் வாடகைக் கார் வாசலிலேயே நிற்கும்போது இன்னொரு வண்டியைத் தேடி யார் அலைவது என்று, அவளைத் தூக்கிப் படுக்கவைத்துக் கிளம்பிவிட்டான். பத்து நாளாக அந்தக் கார் நடுவழியில் நின்று நின்று அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் கல்யாணப் புடவைகளோடு ஏறிய பட்டு முதலாளி ஒருவர், சீட்டில் ஏதோ நாறுகிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டார்.

மெக்கானிக் அருணகிரி இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், காயிலை மாற்றினார், டாங்கை இறக்கித் துருவைக் கொட்டினார். ஷெட்டில் நின்றால் இன்ஜின் சமர்த்தாக ஓடியது. ரோட்டில் சூடேறியதும் இரண்டு தரம் திக்கி அடங்கியது. கடைசியில், இன்ஜினுக்குப் பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பம்பின் மேல் கையை வைத்தவர், சுட்ட விரலை உதறிக்கொண்டு சிரித்தார்.

"வண்டிக்கு நோவு ஒன்னுமில்ல தருமா. வெயிலுக்குப் பெட்ரோல் பம்புலயே கொதிச்சி ஆவியாப் பூடுது. நல்ல பருத்தித் துணியா நனைச்சி சுத்து. காயக் காயத் தண்ணி ஊத்திகினே போ."

கோடையில் எல்லா டிரைவரும் செய்கிற வைத்தியம்தான். இன்று காலை அவசரத்தில் சீட்டுக்கு அடியில் கையை விட்டபோது, மெத்தென்று ஒரு பழம்புடவைக் கிழிசல் அகப்பட்டது. யாருடையது என்று எடுத்ததுமே தெரிந்தது. தெரிந்துதான் சுற்றினான். துணிதானே என்று நினைத்தான்.

அது காத்தாயிக் கிழவியுடையது. பத்து நாளைக்கு முன், இனி பிழைக்கமாட்டாள் என்று கைவிட்ட வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சந்தவாசலுக்கு ஏற்றிக்கொண்டு வந்தான். கூட வந்த மகன் துரைக்கண்ணு, பல நாள் கண் விழித்த களைப்பில் முன் சீட்டில் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டான். பின்னாலிருந்து கிழவி கூப்பிட்டாள்.

"தம்பீ. ஒரு வாய் தண்ணி குடுப்பா."

தருமனின் காலடியிலேயே தண்ணீர் கேன் இருந்தது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. வண்டியில் உயிர் போயிற்று என்று தெரிந்தால் ஆரணியில் ஒருவனும் கல்யாண சவாரிக்குக் கூப்பிடமாட்டான். எப்படியாவது மூச்சோடு இறக்கிவிட வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு. ஆக்ஸிலேட்டரை மிதித்தான். நாலு தரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. மடியில் கிடந்த கிழிசலைப் பல்லில்லாத வாயில் வைத்துச் சப்பும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ப்ச். ப்ச். கண்ணமங்கலத்துக்கு முன் அதுவும் நின்றது. சந்தவாசலில், தூங்குகிறாள் என்று சொல்லி இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான்.

இப்போது கேனைச் சாய்த்தான். ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. சூட்டில் ஆவியும் எழவில்லை. துணி ஒரு தரம் உள்ளுக்கு ஒடுங்கியது, மெல்ல உப்பியது. பெட்ரோல் வாடையை அமுக்கிக்கொண்டு வேறொன்று வந்தது: நாள்கணக்காக விளக்காத வாய், புளித்த வெற்றிலைச் சாறு, காய்ந்த கோழை. துணியைச் சரிசெய்யப் போன விரல்கள் கொழகொழவென்று ஒட்டின; இழுத்தபோது எச்சில் நூல்நூலாக நீண்டு வந்தது. காக்கிச் சட்டையில் தேய்த்தான். போகவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் மட்டும் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது.

இரண்டு மைலில் நின்றது. ஊற்றினான். அடுத்து ஒரு மைலில். மறுபடி ஊற்றினான். துணி ஒவ்வொரு தரமும் முன்னைவிட அவசரமாகக் குடித்தது. ஸ்டியரிங்கெல்லாம் அவன் கையிலிருந்த அந்தப் பிசுபிசுப்பு. கண்ணமங்கலம் தாண்டியபோது கேன் காலி. இரண்டு பக்கமும் வறண்ட கொல்லைக்காடு, ஒரு குடிசைகூட இல்லை. மிச்சமிருந்தது ஆதிலட்சுமிக்காகக் கொண்டுவந்த ஒரு செம்புத் தண்ணீர்தான்.

கார் திக்கியது. நின்றது.

"ஏங்க, நாக்கு வறண்டுகினு போவுது. அந்தச் செம்பக் குடுங்க."

தருமன் செம்பை எடுத்தான். அவளைப் பார்த்தான். பானெட்டைப் பார்த்தான். இதை அவளுக்குக் கொடுத்தால் வண்டி நகராது. நகராவிட்டால் அவளும் பிள்ளையும் இங்கேயே.

"கொஞ்சம் பொறுத்துக்க ஆதி. வேலூர் வந்துடும்."

முழுவதையும் துணியில் கவிழ்த்தான். உறிஞ்சும் சத்தம் காதில் விழுந்தது.

கார் பறந்தது. பின்னாலிருந்து அவள் கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாம் தரம் குரல் கரகரத்தது. நாலாம் தரம், "தம்பீ" என்று தொடங்கியது. அவன் திரும்பவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

பிறகு அவள் கேட்கவில்லை.

ப்ச். ப்ச்.

இன்ஜின் அடங்கியது. தார் ரோட்டில் உச்சி வெயில். இறங்கினான். பானெட்டைத் தூக்கினான். பம்பு மொட்டையாக இருந்தது. துணி இல்லை.

ப்ச்.

பின் கதவைத் திறந்தான். அந்த வாய் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஆதிலட்சுமி கண்மூடிக் கிடந்தாள். கிரீஸ் ஏறிய கறுப்புக் கிழிசலில் பாதி அவள் வாய்க்குள். மீதியைப் பற்றி இழுத்தான். வரவில்லை. அவள் உதடு அசையவில்லை. கன்னம் அசையவில்லை. துணி மட்டும், அவன் விரல்களுக்கிடையே வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் வயிறு உள்ளுக்கு ஒடுங்கியது; மெல்ல உப்பியது.