பசியாறிட்டுப் போலாம்

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க... நனையுது."

குடையை மடக்கிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் மலர்விழி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த பிறகு அந்த ‘அண்ணே’யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியிருந்தால் தேவலை என்று தோன்றியது. நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமைக் காலை. கடை வரிசையின் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில், வள்ளியம்மா அக்காவின் வடைக் கடைக்கு முன்னால், மழைக்கு ஒதுங்கியவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவன் தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். சட்டைக்குள் எதையோ அணைத்து வைத்திருந்தான். புத்தகம்.

‘பதினேழாம் நம்பர் வீடு’. அறுநூறு பக்க நாவல். கப்பலில் வந்த பாட்டன், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய மகன், கிள்ளானுக்குக் குடிபெயர்ந்த பேத்தி மாரியாயி என்று மூன்று தலைமுறைக் கதை. ஆறு மாதமாக இதைப் படித்துவிட்டு அழாத ஆளில்லை, சண்டை போடாத ஆளுமில்லை.

"வாசகர் கூட்டத்துக்கா?" என்றாள்.

"ஆமாங்க. நீங்களும் படிச்சாச்சா?"

"படிச்சாச்சு. இன்னைக்குப் பேசவும் போறேன். நம்ம வாட்சப் குரூப்புல ‘கேரித்தீவு’ன்னு ஒருத்தர் இருக்காரே, கண்டிருக்கீங்களா? பனமரப் படம் வச்சிக்கிட்டு... அவருக்குத்தான் இன்னைக்குப் பூசை."

"ஏன், என்ன செஞ்சாரு?"

"கடைசிப் பக்கத்துல மாரியாயிய விரும்புற தம்புசாமி அவ வாசல்ல நின்னு, கூட வர்றியான்னு கேக்குறான்ல? மாரியாயி என்ன சொல்றா? ‘பசியாறிட்டுப் போலாம்.’ அவ்வளவுதான், கதை முடிஞ்சிருது. தின்னுட்டு நீ கெளம்புன்னு மரியாதையா அனுப்பிட்டா. இவரு என்னடான்னா, அவ சம்மதிச்சுட்டா, ரெண்டு பேரும் பசியாறிட்டுச் சேர்ந்து போறாங்கன்னு நாலு பத்தி எழுதியிருக்காரு. மனுஷன் பசியோட படிச்சிருப்பாரு போல லா..."

அவன் கையிலிருந்த கடைசி உளுந்து வடையைப் பாதியாகப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.

"பேசப் போறீங்க. தெம்பு வேணும்ல."

வடை சூடாக இருந்தது. அவள் காதும்தான்.

மாடியில் கூட்டம் களைகட்டியிருந்தது. தலைமுறைக்கு ஒரு கூட்டமாக மூன்று மாதம் பேசுவது என்று ஏற்பாடு. ஆனால் முதல் கூட்டத்திலேயே எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டார்கள். மாரியாயி தன் அத்தையே என்று ஓர் ஆன்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்தாளருக்கு முடிக்கத் தெரியவில்லை என்று ஓர் அங்கிள் கோபித்துக்கொண்டார். மலர்விழி எழுந்து வெளுத்துக் கட்டினாள்.

கூட்டத்தை நடத்தும் லோகேஸ்வரி அக்கா மைக்கை வாங்கினார். "இப்ப நம்ம கேரித்தீவு குகன் பேசுவார்."

எழுந்து வந்தது... வடைக்காரன்.

"நான் பசியோட படிச்சிருப்பேன்னு கீழ ஒருத்தங்க சொன்னாங்க," என்றான் குகன். "உண்மைதாங்க. சாப்புடாம ஒரே மூச்சுல படிச்சேன்."

கூட்டம் சிரித்தது. அவன் கேலியாகச் சொல்லவில்லை, அது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் எல்லாரும் சிரிக்கிறார்களே... ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"யாரும் எதுக்கும் கூப்புடாத ஆளுக்குத்தான் எதைக் கேட்டாலும் கூப்புட்ட மாதிரியே இருக்கும்."

சிரிப்பு நின்றது. குகன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இருந்த வெளிச்சம் சட்டென்று உள்ளே போய்விட்டது.

"இருக்கலாங்க," என்று உட்கார்ந்துவிட்டான்.

கிள்ளான் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரியும், அந்தக் கோபம் குகன் மேல் இல்லை. அவளைப் பெண் பார்க்க எத்தனை குடும்பம் வந்தது. அம்மா கேசரி கிண்டுவாள், வடை சுடுவாள். எல்லோரும் வாயாரப் பாராட்டிக்கொண்டு பசியாறுவார்கள். வீட்டுக்குப் போய் போன் பண்றோம் என்பார்கள். போன் வராது. அவளுக்குத் தெரிந்து பசியாறியவர்கள் எல்லோரும் போய்த்தான் இருக்கிறார்கள். மாரியாயி வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடக்குமா என்ன?

மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அடித்தாள். அழித்தாள். நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று வீறாப்பு சொன்னது. நேரில் கேட்க அடுத்த கூட்டத்துக்கு அவன் வரவேயில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கழுத்து தானாகத் திரும்பியது. மகன் தலைமுறையைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவளுக்கு ஒரு வரி தெரியாது.

மூன்றாவது கூட்டத்து ஞாயிறு. கிள்ளான் ஸ்டேஷன். மறுபடியும் மழை...

கூரையின் ஓரத்தில் நின்று தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க... நனையுது."

திரும்பினாள். அதே கண்கள்.

"தங்கச்சின்னு கூப்புடாதீங்க."

"நீங்க மட்டும் அண்ணேன்னு கூப்புடலாமா?"

"அப்ப நான் மூஞ்சப் பாக்கல."

"பாத்திருந்தா?"

பதிலுக்கு அவள் குடையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"போன தடவ ஏன் வரல?" என்றாள் கடைசியில்.

"பிஜே டவுன்ல நான் வேல செய்யுற ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழம டூட்டி போட்டுட்டாங்க. பிசியோதெரபி." கொஞ்சம் நிறுத்தினான். "டூட்டி மட்டும் காரணமில்ல. நீங்க சொன்னது கொஞ்சம் வலிச்சுது."

"சாரி." இரண்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது, ஒரே சொல்லாக வந்து விழுந்தது. "அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்னைக்கே தெரியும்... திமிரு விடல."

அவன் தலையாட்டினான். "நான் ஏன் அப்படிப் படிச்சேன்னு யாரும் கேக்கல. நீங்க கேளுங்களேன்."

"ஏன்?"

"எங்க ஊரு இங்க பக்கத்துல இருக்கற கேரித்தீவு. எங்கப்பா அங்க உரம் ஏத்திட்டு வந்த லோரி டிரைவர். எஸ்டேட்ல எங்கம்மா வீட்டு வாசல்ல நின்னு, கூட வர்றியான்னு கேட்டிருக்காரு. அம்மா சொன்னது இதே வார்த்தைதான். ‘பசியாறிட்டுப் போலாம்.’ அப்பா உள்ள போய் உக்காந்தாரு. முப்பது வருஷமாச்சு... இன்னும் பசியாறிக்கிட்டே இருக்காரு, போகல."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணும் கலங்கியது. அந்த ஒரு வரியை அவன் எந்த வாசலில் நின்று கேட்டிருக்கிறான், தான் எந்த வாசலில் நின்று கேட்டோம் என்று அப்போதுதான் விளங்கியது.

"எங்க வீட்டுல அப்படி இல்லங்க," என்றாள். "என்னைப் பாக்க வந்தவங்க எல்லாம் நல்லா பசியாறுனாங்க... போயிட்டாங்க. அதான் எனக்கு அந்த வரி அப்படித்தான் காதுல விழுந்துச்சு."

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. ஏற வேண்டியவர்கள் ஏறினார்கள். இரண்டு பேரும் நகரவில்லை. கதவுகள் மூடின, ரயில் போனது.

"லோகேஸ்வரி அக்கா ஏசுவாங்க," என்றான் குகன்.

"ஏசட்டும்." அவள் அவனைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தெரிந்தது. "வீடு பக்கத்துலதான், தெங்கு கிளானா ரோட்டுக்குப் பின்னால. அம்மா தோச சுட்டுக்கிட்டு இருப்பாங்க. பசியாற வாங்க..."

அவன் காத்திருந்தான்.

"அப்புறம்? பசியாறிட்டு...?"

"அந்த ரெண்டாவது வார்த்தைய நான் சொல்லப் போறதில்ல," என்றாள் மலர்விழி. "‘நீங்க போலாம்’னும் சொல்லல, ‘நாம போலாம்’னும் சொல்லல. எனக்குக் கொழப்பமே வேணாம். நீங்க போகாம இருந்தா... எனக்குப் புடிக்கும். உங்கள எனக்குப் புடிச்சிருக்கு."

குகன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு அந்தக் கண்களுக்குள் போயிருந்த வெளிச்சம் மெல்ல வெளியே வந்தது.

"எனக்கு அந்த அரை வடையிலேயே புடிச்சுப் போச்சுங்க," என்றான். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். எங்க பரம்பரையில பசியாற உக்காந்தவன் எந்திரிச்சுப் போனதில்ல."

அவள் குடையை விரித்து அவன் பக்கமாகச் சாய்த்தாள். இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.