காற்று வரும் பக்கம்

அமிர்திக் காட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், காற்றில் ஏதோ குறைகிறதே என்றுதான் ஹீனாவுக்கு முதலில் தோன்றியது.

ஆம்பூரில் அவளுடைய தெருக்கோடியில் தோல் பதனிடும் தொழிற்சாலை இருக்கிறது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. அந்த வாடை வீட்டுச் சுவரிலும் பாயிலும் பள்ளிக்கூடப் பையிலும் குடியிருக்கும். போன சுற்றுலாவில் அவள் வகுப்பு நெல்வின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு சீட்டுக்கு மாறிப் போய்விட்டான். அதனால் இன்று, அப்பா வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பூசும் அத்தரைக் கழுத்தில், கையில், பையின் வாரில்கூடத் தடவிக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னா ஹீனா, கல்யாணத்துக்கா கிளம்பி வந்தே?" என்றான் நெல்வின்.

அவன் மூக்கைப் பிடிக்கவில்லை. அவளுக்கு அது போதும்.

காட்டைச் சுற்றிக்காட்ட வந்த ஹேமலதா அக்கா, ஒரு குட்டையின் கரையில் எல்லாரையும் நிறுத்தினார். "இன்னிக்குப் பாடம் ஒண்ணுதான். பேசாம உக்கார்றது."

"அதுக்கு மார்க் உண்டா அக்கா?" என்று கேட்டான் நெல்வின்.

"உண்டு. மான் வந்து போடும்."

பக்கத்தில் நின்ற தோழி கிருபா ஹீனாவின் கையை இறுகப் பிடித்தாள். கூண்டு மானை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். "அது என் கையில பொரி இருக்கான்னுதான் பாத்துச்சு. கம்பி இல்லாம ஒரு மானைப் பாக்கணும்டி" என்று பஸ் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்.

உட்கார்ந்தார்கள். முதலில் எல்லாருடைய மூச்சும் கேட்டது. பிறகு மூச்சு அடங்கி, இலைகள் கேட்டன. தண்ணீரில் ஒரு மேகம் மெல்ல நகர்ந்து, மரத்தின் நிழலுக்குள் போய் மறைந்தது. ஹீனாவுக்குத் தானும் அந்தத் தண்ணீருக்குள் எங்கோ இருப்பதுபோல் இருந்தது.

இடப்பக்கச் சரிவில் ஒரு புள்ளிமான் தெரிந்தது. குட்டையை நோக்கி இறங்கி வந்தது. சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. அடுத்த நொடி அங்கே புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"கிருபா மூக்கை உறிஞ்சினா. அதான் ஓடிப்போச்சு" என்றான் நெல்வின்.

கிருபாவுக்குச் சளி. அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் பஸ்ல போய் உக்காந்துக்கறேன் அக்கா. இவங்களாவது பாக்கட்டும்."

ஹீனாவின் பின்கழுத்தில் காற்று சில்லென்று பட்டுக் குட்டைப் பக்கம் போயிற்று. அவள் தெருவில் காற்று திரும்பினால் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம். வாடை வருவதற்குள் அம்மா ஜன்னலைச் சாத்தி, காயும் துணியை உள்ளே எடுத்துவிடுவாள். மானுக்கு என்ன வாடை போயிருக்கும் என்று ஹீனாவுக்குப் புரிந்துவிட்டது.

சொன்னால், எதற்கு அத்தர் என்று கேட்பார்கள். ஆனாலும் எழப்போன கிருபாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கிருபா இல்ல அக்கா. என் அத்தர்தான்."

"எதுக்கு இவ்ளோ ஜாஸ்தியா போட்டே?" என்றான் நெல்வின்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தன் மூக்கைத் தடவினான். பிறகு குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"கழுவிட்டா போயிடாதா?" என்று கேட்டார் ஹேமலதா அக்கா.

"போவாது அக்கா, நாளைக்கும் இருக்கும். ஆனா காத்து நம்ம முதுகுப் பக்கமிருந்து குட்டைக்குப் போவுது. சுத்திப்போய் அந்தக் கரையில உக்காந்தா, குட்டையில இருந்து நம்மகிட்ட வரும். நான் எல்லாருக்கும் பின்னாடி, அந்தப் பாறைகிட்ட இருக்கேன்."

அக்கா ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டார். ஹீனா சொன்ன பக்கமே அது பறந்தது. "எப்பிடிம்மா கண்டுபிடிச்சே?"

"எங்க தெருவுல தப்பா கண்டுபிடிச்சா, அன்னிக்குச் சோறு இறங்காது அக்கா."

கிருபா அவளைத் தனியே இழுத்தாள். "அங்கேர்ந்து உனக்கு ஒண்ணும் தெரியாதுடி."

"தெரியலன்னா போவுது. நீ மூக்கை உறிஞ்சாம இரு."

எல்லாரும் மறுகரையில் உட்கார்ந்தார்கள். ஹீனா பின்னால் தள்ளி, பாறையில் சாய்ந்துகொண்டாள். குட்டை தெரியவில்லை. கிருபாவின் முதுகும் இரட்டைச் சடையும்தான் தெரிந்தன. காற்று இப்போது எதிரே வந்து முகத்தில் பட்டது. அதில் ஈர மண் இருந்தது, புல் இருந்தது, பெயர் தெரியாத ஏதோ ஒரு பூ இருந்தது. கண்களை மூடி ஒவ்வொன்றாக முகர்ந்தாள். தூங்கினாளா விழித்திருந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கண் திறந்தபோது யாரும் அசையவில்லை. கிருபாவின் தோள்கூட ஏறி இறங்கவில்லை.

பிறகு கிருபாவின் வலது கை மெதுவாக, மிக மெதுவாக, அவள் முதுகுக்குப் பின்னால் வந்தது. ஒரு விரல் நிமிர்ந்தது. ஹீனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு விரல் நிமிர்ந்தது. வெகுநேரம் கழித்து மூன்றாவது.

கடைசியில் சுண்டுவிரல் பாதி மட்டும் எழுந்து, இங்குமங்கும் துள்ளியது.

குட்டி.

ஹீனா பாறையில் சாய்ந்தபடி, அது தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.