முப்பத்தொரு நாட்டு சாட்சிகள்

"பிரேசில்காரனுக்கு நம்ம ஊரு அழுகை புரியுமா?"

மூன்று வருடங்களுக்கு முன்னால், வேலை கேட்டு வந்த குமுதாவிடம் கிஷன் கேட்ட ஒரே கேள்வி அது.

புரியும் என்று தலையாட்டினாள். வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து கிஷன் கேமரா முன்னால் உளறுவதையெல்லாம் சப்டைட்டிலாக மாற்றுவதுதான் அவள் பிழைப்பு. ஆங்கிலம், ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ். மூன்றையும் டிவி தொடர் பார்த்தே கற்றுக்கொண்டவள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் வியர்த்துவிடும்.

சேனலின் பெயர் 'கிஷன் உலகம்'. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் ஸ்டூடியோ. முப்பத்தொரு நாடுகளில் ரசிகர்கள். உள்ளூரில் பக்கத்துக் கடை பூக்காரர்கூடப் பார்ப்பதில்லை.

புதன்கிழமை காலை குமுதாவின் போன் அடித்தது.

"குமுதாவா? இன்ஸ்பெக்டர் உஷாராணி பேசறேன். லோகன் உங்க அண்ணனா?"

"ஆமா..."

"ஸ்டேஷனுக்கு வாங்க. கேமராமேன் ராதாகிருஷ்ணன் நேத்து செத்துட்டாரு. உங்க அண்ணன ரிமாண்ட்ல வச்சிருக்கோம்."

குமுதா லேப்டாப் பையை அள்ளிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

*

"பாரும்மா. நேத்து சாயங்காலம் ஏழரை மணி. பிரிக்பீல்ட்ஸ்லேர்ந்து முக்கால் மணி நேரம், கிள்ளான்ல ராதாகிருஷ்ணனோட எடிட்டிங் ரூம். யாரோ ட்ரைபாட எடுத்து மண்டையிலயே போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் உஷாராணி பாலில்லாத தே ஓ டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"ட்ரைபாட்ல உங்க அண்ணன் கைரேகை. ரூம்ல உங்க அண்ணன். வேற யாரும் இல்ல."

"அண்ணன்தான் சேனல் வேன் ஓட்டறாரு, மேடம். டெய்லி ட்ரைபாட தூக்கறது அவருதான். எட்டு மணிக்கு ராதாகிருஷ்ணன கூட்டிட்டு வரப் போனாரு..."

"அப்படித்தான் அவனும் சொல்றான். ஆனா கீழ துணிக்கடைக்காரரு ஏழரைக்கு சத்தம் கேட்டேங்கறாரு. அப்ப வேன்ல தூங்கிட்டிருந்தேங்கறான். தூங்கினதுக்கு யாரு சாட்சி?"

"இது கொலைக் கேஸ் தங்கச்சி. தூக்கு வரைக்கும் போகும்."

அப்பா இறந்த பிறகு லோரி ஓட்டி அவளை வளர்த்தவன் லோகன். சுவருக்கு அந்தப் பக்கம் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

"மத்தவங்கள விசாரிச்சீங்களா, மேடம்?" குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"கிஷனும் அவரு பொண்டாட்டி ஷாமினியும் உள்ளதான் இருக்காங்க. ஸ்டேட்மென்ட் குடுத்தாச்சு. அவங்க மேல கைய வைக்க முடியாது லா. ஏழு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் பிரிக்பீல்ட்ஸ்ல லைவ் ஷோ. அவரு பேசறாரு, அந்தம்மா கேமரா புடிக்கறாங்க. நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க. முப்பத்தொரு நாட்டு சாட்சி."

குமுதா நிமிர்ந்தாள்.

"நேத்து நடந்த லைவா?"

"ஆமா."

"அதுக்கு... நான் திங்கக்கிழமையே சப்டைட்டில் போட்டுட்டேனே, மேடம்."

தே ஓ கிளாஸ் மேசைக்குத் திரும்பியது.

*

பக்கத்து அறையில் கிஷன் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் சோகம். அதுவும் கேமராவுக்குக் காட்டும் அதே சோகம்... இடது பக்கம் லேசாகச் சாய்ந்தது.

ஷாமினி போனைத் தடவிக்கொண்டிருந்தாள். சேனலின் மூளை அவள்தான். உலகத்தை எப்படி அழவைப்பது என்பது அவளுக்கு அத்துப்படி.

"குமு! வந்துட்டியா? ராதா போயிட்டான்டி. ஒரு இரங்கல் வீடியோ போடணும். ஸ்பானிஷ்ல நல்ல வார்த்தையா நாலு யோசிச்சு வை," என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குமுதா லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தாள். நேற்றைய லைவ் ஓடியது. திரையில் கிஷன் சிரித்தான். வாயசைத்த அதே நொடியில், அவனுக்குக் கீழே போர்ச்சுகீஸ் எழுத்து அழகாக வந்து நின்றது.

"பேசி முடிக்கறதுக்கு முன்னாலயே மொழிபெயர்ப்பு வந்துடுது," என்றார் உஷாராணி. "லைவ்ல இது எப்படி சார்?"

"அது... சாப்ட்வேர், மேடம். ஏஐ."

"ஏஐ இல்ல, மேடம்," என்றாள் குமுதா. "நான். வீடியோவ ஞாயித்துக்கிழமை எடுத்தாங்க. திங்கக்கிழமை நான் எழுதி ஒட்டினேன். இதோ ஃபைல். தேதி பாருங்க."

"என்ன பேசற நீ? நான் லைவ்ல பேர் சொல்லிக் கூப்பிட்டேனே. 'ஹலோ மரியா ஃப்ரம் பிரேசில்'னு சொன்னேன். மரியாவும் ஹாய் போட்டா. கமென்ட்ல இருக்கு, மேடம்."

"அந்தப் பேர எழுதிக் குடுத்ததும் நான்தான், பாஸ். ஒவ்வொரு வாரமும் அதே மரியாதான். பிரேசில்ல தெருவுக்குப் பத்து மரியா. மரியா பார்க்காத ஷோ ஏது?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் மைதீன் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

உண்மை அவ்வளவுதான். நம் செவ்வாய் மாலை ஏழு மணி, பிரேசிலில் காலை எட்டு. ரசிகர்கள் காபி குடிக்கும் நேரம். அந்த நேரத்தில் சப்டைட்டில் இல்லாமல் போனால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அதனால் மூன்று வருடங்களாக 'லைவ்' என்று பழைய சோற்றைச் சூடு பண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீசிடம் சாட்சியாகக் காட்டிய ஷோவும் பிரேசிலுக்காகச் சூடு பண்ணியதுதான்.

உஷாராணி நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"சரி கிஷன். நேத்து ஏழரைக்கு எங்க இருந்தீங்க?"

கிஷன் வியர்த்தான். மனைவியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.

"சொல்ல முடியாது, மேடம். என் பிராண்ட் போயிடும்."

"கழுத்தே போகப் போகுது. பிராண்டப் பத்தி அப்புறம் பேசலாம்."

மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

உச்சந்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். பின்னந்தலையில் பெரிய பிளாஸ்திரி.

"பங்சார்ல ஒரு கிளினிக். மத்தியானம் ரெண்டு மணிக்குப் போனேன். ராத்திரி ஒன்பதுக்குத்தான் விட்டாங்க. முடி நடறதுக்கு, மேடம். ரெண்டாயிரத்து நூறு முடி. நர்ஸ்கூட செல்பி எடுத்தாங்க..."

குமுதா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கிளினிக், நர்ஸ், செல்பி. கிஷன் தப்பித்துவிட்டான். அப்படியென்றால்... மறுபடியும் அண்ணனா?

உஷாராணி கிஷனைப் பார்க்கவில்லை. ஷாமினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து லைவே இல்ல. ஆனா நீங்க கேமரா புடிச்சதா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்களே, மேடம்?"

ஷாமினியின் விரல் போனில் நின்றது.

"நீ பூச்சோங்ல அம்மா வீட்டுக்குப் போறேன்னுதானே சொன்ன?" என்றான் கிஷன், மூளையைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யாமல். "நான் கிளினிக்லேர்ந்து போன் பண்ணேனே. அத்தை எடுத்தாங்க. நீ வரவே இல்லன்னாங்க."

"வாய மூடு, கிஷன்."

"இல்ல ஷாம், எனக்குப் புரியல—"

"உனக்கு என்னைக்குடா புரிஞ்சிருக்கு?"

"உங்க காரு நேத்து எந்த டோல்ல எத்தனை மணிக்குப் போச்சுன்னு அரை மணி நேரத்துல வந்துடும்," என்றார் உஷாராணி. "நீங்களே சொன்னா எனக்கு ஒரு போன் மிச்சம்."

ஷாமினி சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. அழுகையின் மதிப்பு தெரிந்தவள்.

"அந்தக் கிள்ளான் கிழவி வீடியோ. அதுதான் எல்லாத்துக்கும் காரணம்."

குமுதாவுக்கு அந்த வீடியோ தெரியும். உலகமே அழுத வீடியோ. சீதாலெட்சுமி என்ற ஆன்டி, இருட்டு வீடு, வெறும் தரை. 'மகன் கைவிட்ட தாய்' என்று மூன்று மொழியில் எழுதியது அவள் கைதான்.

"பிரிட்ஜையும் டிவியையும் காரிடார்ல தள்ளிட்டு எடுத்தோம். ஃபேன அணைச்சோம். செத்துப்போன புருஷன நெனச்சுக்கோங்கன்னு சொன்னதும் நல்லா அழுதாங்க. மகன் கிட்டதான், சுங்கை பூலோவுல இருக்கான். வாரம் தவறாம வந்து பாக்கறான். இப்ப அவன ரோட்ல பாக்கறவன்லாம் திட்டறான். ராதாவுக்கு அது பொறுக்கல."

"அதனால?"

"ஒரிஜினல் ஃபுட்டேஜ போட்டுடுவேன்னான். பிரிட்ஜ தள்ளற சீன் மொதக்கொண்டு. பேசிப் பாக்கப் போனேன். அப்லோட் ஓடிட்டிருந்துச்சு. எழுபது பர்சென்ட்..."

"அதுக்காக அடிச்சீங்களா?"

"எண்பது ஆச்சு, மேடம்."

ட்ரைபாடில் அவள் கைரேகை ஏன் இல்லை என்று கேட்டபோதுகூட அவள் முகம் மாறவில்லை. லைட் சூடாக இருக்கும் என்று ஸ்டூடியோவில் எப்போதும் போடும் துணிக் கையுறையாம். அது காரில்தான் கிடந்தது.

உஷாராணி பெருமூச்சு விட்டார். "ஒரு பிரிட்ஜுக்காக ஒரு மனுசன் உயிரா?"

"அது பிரிட்ஜ் இல்ல, மேடம்," என்றாள் ஷாமினி பொறுமையாக, சின்னப்பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல. "முப்பத்தொரு நாடு."

*

மத்தியானம் லோகன் வெளியே வந்தான். ஒரே நாளில் கண் உள்ளே போயிருந்தது. தங்கச்சியைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

வராந்தாவில் கிஷன் நின்றிருந்தான். தொப்பி மறுபடி தலையில். மனைவியை உள்ளே கூட்டிப்போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணில் ஒரு வெளிச்சம்.

"குமுதா! ஒரு நிமிஷம் லா. நான் யோசிச்சேன். இத நாலு பார்ட்டா போடலாம். 'என் வீட்டுக்குள் ஒரு கொலைகாரி'. எவன்கிட்டயும் இந்த மாதிரி ஸ்டோரி இல்ல. அமெரிக்காக்காரன் இதத்தான் விடிய விடிய பாப்பான். முப்பத்தொரு நாடு அம்பது நாடாயிடும்."

லோகனின் முஷ்டி இறுகியது. குமுதா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"லோகன், நீயும் வாடா. லாக்கப் எப்படி இருந்துச்சுன்னு ஒரு பேட்டி குடு. கொஞ்சம் அழுதா போதும். குமுதா, நீ இன்னிக்கே வேலைய ஆரம்பி. கொலைகாரிக்கு போர்ச்சுகீஸ்ல என்ன சொல்லுவாங்க?"

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். அதைவிடப் பொருத்தமான வேறு சில வார்த்தைகளும் மூன்று மொழியில் தெரியும்.

குமுதா லேப்டாப் பையைத் தோளில் மாட்டினாள். ஸ்டூடியோ சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அண்ணனை இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.

'கிஷன் உலகம்' சேனலுக்கு அன்று விழுந்த முதல் அன்சப்ஸ்கிரைப் அதுதான்.