பத்து மணிக்கு இடப்பக்கம்

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு கோப்பைத் தேநீருக்கு மட்டும் தண்ணீர் வைத்தான். நான்கு மாதமாக அளவு பிசகவில்லை. குளித்து, சீருடையை மாட்டி, கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினான். உள்ளே கால் வைக்க இடமில்லாத கூட்டம். அவனுக்குப் பக்கத்து இருக்கை மட்டும் கடைசி நிறுத்தம்வரை காலியாகவே வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் காலை என்று ஒன்று கிடையாது. ஜன்னலில்லாத அறையில் குழல்விளக்கின் வெளுத்த ஒளியும், ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விடும் சுவாசக் கருவிகளின் ஓசையும், கிருமிநாசினிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும் உடம்பு வாடையும்தான் எல்லா நேரமும். ஆறு வருடமாக அவன் அங்கே நர்ஸ். வந்ததும் முதல் வேலை, யாருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும் என்று மதிப்பெண் போடுவது. உணர்வு, ஈரம், நடமாட்டம் என்று ஆறு தலைப்பு. மதிப்பெண் குறையக் குறைய ஆபத்து. உணர்வுதான் முதலில், வலித்தால் மனிதன் தானே புரண்டு படுப்பான், வலி தெரியாதவன் கிடந்த இடத்திலேயே அழுகுவான். அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டுவிட்டுத் தாளில் எழுத வேண்டும்.

அங்கே யாரும் புரட்டிவிட்டு எழுதுவதில்லை. ஏழு மணிக்கே மொத்த ஷிஃப்டுக்கும் எழுதிவிடுவார்கள். எட்டு, மல்லாந்து. பத்து, இடப்பக்கம். பன்னிரண்டு, வலப்பக்கம். வேலை பின்னால் ஓடிவந்து எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

இடுப்புக்குக் கீழே உணர்வு போய் அவன் மனைவி நான்காம் கட்டிலில் கிடந்தபோது, ஒருநாள் பிடித்துக்கொள்ளவில்லை. அன்று ஒரே நேரத்தில் மூன்று விபத்துக் கேஸ். சாயங்காலம் அவளைத் திருப்பியபோது முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. பத்தொன்பதாம் நாள், புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி இறந்தாள். தாளில் ஒரு வரிகூட விடுபடவில்லை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கட்டிலில் ஒரு டீச்சரம்மா. மூளையில் ரத்தக்கசிவு, கண் திறக்கவில்லை, விரல் அசையவில்லை. இவரையாவது புண்ணில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒரு வாரமாகக் கடிகாரத்தைப் பார்த்துப் புரட்டிக்கொண்டிருந்தான். எதையும் முன்னதாக எழுதுவதில்லை.

எட்டு மணிக்கு டீச்சரம்மாவின் கோப்பைத் திறந்தான். தாள் நிரம்பியிருந்தது. இரண்டு மணிவரை. அவன் கையெழுத்தில்.

புரட்டக் கைகொடுக்க வந்த வார்டு அக்கா எட்டிப் பார்த்தார். "பரவால்லயே தம்பி. பேப்பர்ல டீச்சரம்மா நாலு தடவ புரண்டு படுத்துட்டாங்க. அப்ப நாம வீட்டுக்குக் கெளம்பலாமா?"

"நான் எழுதல அக்கா."

"ஆமா, பேனாவே எழுதிக்கிச்சு. அந்தப் பக்கம் பிடிங்க."

இருவருமாகப் புரட்டினார்கள். சிவந்திருந்த ஓர் இடத்தை விரலால் அழுத்தினான். வெளுத்தது, மறுபடி சிவந்தது. உயிருள்ள தோல். தாளைக் கிழித்துப் போட்டுப் புதியது வைத்தான்.

பத்து மணிக்குப் புதுத் தாளும் நிரம்பியிருந்தது. இந்த முறை மதிப்பெண்களும் இருந்தன. உணர்வு: ஒன்று. ஈரம்: ஒன்று. நடமாட்டம்: நான்கு, அடிக்கடி நடக்கிறார்.

டீச்சரம்மாவின் கால்களைப் பார்த்தான். தலையணைகளுக்கு நடுவே, வைத்தது வைத்தபடி.

வயது என்ற கட்டத்தில் முப்பத்தொன்று. டீச்சரம்மாவுக்கு அறுபத்தாறு. முப்பத்தொன்று அவனுக்கு.

அப்போதுதான் அந்த வாடை தட்டுப்பட்டது. இனிப்பும் அழுகலும் கலந்து, தொண்டையின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை கை கழுவினாலும் நகக்கண்ணில் தங்கிவிடும் வாடை. பத்தொன்பது நாள் சுவாசித்த வாடை. டீச்சரம்மாவைத் திருப்பி முதுகு, குதிகால், காதின் பின்புறம் எல்லாம் பார்த்தான். சுத்தம். வாடை அவரிடமிருந்து இல்லை. கை கழுவும் தொட்டிப் பக்கம் போனான். அங்கும் இருந்தது. கதவருகே போனான். அங்கும்.

"அக்கா, ஏதாவது வாடை வருதா?"

அக்கா இந்த முறை கேலி செய்யவில்லை. "காலைலேருந்தே வருது தம்பி. நீங்க உள்ள வந்ததுலேருந்து. எப்படிச் சொல்றதுன்னுதான் சும்மா இருந்தேன்." அவனுடைய முதுகையே பார்த்தார். "சட்டை நனைஞ்சிருக்கு. அசையாம நில்லுங்க, டாக்டரக் கூட்டிட்டு வரேன்."

அவன் நிற்கவில்லை. உடை மாற்றும் அறைக்குள் போனான். தாழிட்டான். கையைப் பின்னால் கொண்டுபோனான்.

ஈரம். வெதுவெதுப்பு.

ஒரு விளிம்பு. உள்ளங்கை அகலம்.

விரல் உள்ளே போனது. முதல் கணு. இரண்டாவது. அதற்கப்புறம் எலும்பு. அவனுடைய எலும்பு. வழவழப்பாக இருந்தது. அழுத்திப் பார்த்தான். இன்னும் அழுத்தினான்.

ஒன்றும் தெரியவில்லை.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்கும்போதெல்லாம், 'அம்மாவப் பாத்துக்கோங்க' என்று சொன்னதாகச் சொல்லிவந்தான். அவள் அப்படிச் சொல்லவில்லை. மூன்று விபத்துக் கேஸ் வந்த அன்று காலை பத்து மணிக்கு, தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன்னால், எழுதி முடித்த தாளோடு அவன் கட்டிலருகே வந்து நின்றபோது, மல்லாந்தே கிடந்தவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"வலிக்கவே இல்லைங்க. நீங்க போய் மத்தவங்களப் பாருங்க."